கடலில் விடாத சாமி

இன்று காலை எங்கள் ஒழுங்கைக்குள் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று வந்தது. வழக்கமான குப்பை லொறி அல்ல. பழைய பற்றறி, பியூஸ் போன பல்ப், உடைந்த போன் இவற்றை மட்டும் எடுக்கிற வாகனம். முதலில் சிங்களத்தில் சொன்னார்கள். பிறகு யாரோ எழுதிக் கொடுத்த தமிழைத் தடக்கித் தடக்கி வாசித்தார்கள். நான் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு, முற்றாக விடியாத முகத்தோடு ஸ்டூலில் ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த உன் தகரப் பேணியை இறக்கினேன்.

மூடியைத் திறந்ததும் வாசம் முகத்தில் அடித்தது. துருப்பிடித்த தகரம், காலாவதியான மருந்து, எல்லாவற்றுக்கும் மேலே கற்பூரம். உன் கொட்டாஞ்சேனை வீட்டு வாசம். ஒரு கணம் ஸ்டூலிலேயே நின்றுவிட்டேன். பிறகு வாகனம் போய்விடும் என்ற பயத்தில் செருப்பும் போடாமல் படியிறங்கி ஓடினேன். ஓடுகிற வயதா இது என்று நீ கேட்டிருப்பாய். எந்த வயதில்தான் நான் ஓடாமல் இருந்தேன்?

பற்றறிகளை எடுத்தார்கள். சுருள் பல்புகளை, கடதாசியில் சுற்றியிருந்தபடியே, பக்குவமாக எடுத்தார்கள். உனக்குப் பிடித்திருக்கும். கடைசியாக உன் சாமி இருந்த கண்ணாடிப் போத்தலை நீட்டினேன். கையுறை போட்ட இளைஞன் வாங்கி, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"அம்மே, மேக்க தெய்யோ நேத?"

இது கடவுள் அல்லவா என்கிறான். ஓம், கடவுள்தான், ஆனால் பாதரசத்தில் செய்தது, நஞ்சு, நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் சொன்னேன். அவன் போத்தலை இரண்டு கையாலும் என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, அதைப் பார்த்துக் கும்பிட்டான். "மட்ட பே அம்மே." தன்னால் முடியாதாம். வாகனம் அடுத்த ஒழுங்கைக்குப் போய்விட்டது. நான் வெறுங்காலோடு நடு வீதியில் உன் சாமியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அது எனக்கு முன்னால், மேசையில் இருக்கிறது. கட்டைவிரல் அளவு லிங்கம், வெள்ளிபோல மினுங்குகிறது. உன் மகன் அதைக் கடலில் விடப் பார்த்தான். நீ விடாதே என்றாய். வேறு எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று மட்டும் நீ சொல்லவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

*

வெள்ளவத்தைக்குப் பக்கத்தில், பாமன்கடையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு மாடியறையை எடுத்துக்கொண்டு இருந்த காலம் நினைவிருக்கிறதா? யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிது. உனக்குப் பொரளைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எனக்குக் கோட்டைப் பக்கம் விமான ரிக்கற் விற்கிற கந்தோரில் வேலை. எனக்குக் காய்ச்சல் வந்தது. நீ வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் தேமோமீற்றரை என் வாயில் வைத்துவிட்டு, தலை சீவப் போனாய். எனக்குப் பொறுமை இல்லை. எடுத்துப் பார்த்தேன், தெரியவில்லை, உதறினேன், கட்டில் சட்டத்தில் பட்டு உடைந்தது.

சிவப்புச் சீமெந்துத் தரையில் அந்த வெள்ளி முத்துக்கள் ஓடின ஓட்டம்! காய்ச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிலிலிருந்து இறங்கி, முழங்காலில் இருந்து, ஒரு முத்தை விரலால் தள்ளி இன்னொன்றோடு சேர்த்துக்கொண்டிருந்தேன். நீ சீப்போடு வந்து நின்று ஒரு சத்தம் போட்டாய்.

"எடி, தொடாதை! முதல்ல மோதிரத்தைக் கழட்டு! காப்பையும் கழட்டு!"

உனக்குத்தான் காய்ச்சல் என்று நினைத்தேன். யன்னல் எல்லாவற்றையும் திறந்தாய். காற்றாடியை நிற்பாட்டினாய். நான் தும்புத்தடியை எடுக்க, பறித்து வெளியே எறிந்தாய். "கூட்டினா அது ஆயிரமாய்ப் பிரிஞ்சு மூலை முடுக்கெல்லாம் போகும், சனியனே." யாரோ அனுப்பிய கலியாணக் கார்ட்டை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியால் முத்துக்களை மற்றப் பாதியில் ஏற்றினாய். பொடியாய்க் கிடந்ததை ஒட்டுற ரேப்பால் ஒற்றி எடுத்தாய். எல்லாவற்றையும் ஒரு மைப் போத்தலுக்குள் விட்டு, மேலே தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கினாய். என் மோதிரத்தில் அப்போதே ஒரு பக்கம் வெள்ளையாகிவிட்டது. வேலைக்குப் போகும்போது அம்மா போட்டுவிட்ட மோதிரம். நான் அழுதேன்.

"வெளுத்தது மோதிரம்தானே, நீ இல்லையே," என்றாய். அதுதான் உன் ஆறுதல்.

அந்தப் போத்தல் அறைக்குள் இருப்பதே எனக்குப் பொறுக்கவில்லை. கக்கூசில் ஊற்றித் தண்ணீர் அடித்துவிட்டால் முடிந்தது என்றேன். என் குணம் அது. வேண்டாத சாமான் கையில் இருந்தால் எனக்கு நித்திரை வராது. பழைய சாறி, பழைய கடிதம், பழைய சிநேகம் எதுவானாலும் உடனே வெளியே போக வேண்டும். நீ போத்தலைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னதை இன்றைக்கும் அதே குரலில் கேட்கிறேன்.

"ஆரின்ர கைக்குப் போகுது எண்டு பார்த்திட்டு விடு."

பொரளை பஸ்ஸில், சனநெரிசலில், அந்தப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு போனாய். உங்கள் பரிசோதனைக் கூடத்தில் அதற்கென்று ஒரு சாடி இருந்ததாம். அதில் ஊற்றிவிட்டு வந்த பிறகுதான் உன் முகம் தெளிந்தது.

*

நீ கலியாணம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனாய். எனக்குக் கலியாணம் சரிவரவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேச வேண்டியதையெல்லாம் பேசித் தீர்த்தாகிவிட்டது. உன்னவருக்குத் துறைமுகத்தில் சாமான் கிளியர் பண்ணுகிற வேலை. ஏதோ ஒரு கப்பலில் வந்த நீல நிறப் பிஸ்கட் பேணியை அவர் கொண்டு வந்து தர, பிஸ்கட்டை மகன் முடிக்க, பேணிக்கு நீ எமன் பேணி என்று பெயர் வைத்தாய்.

மணிக்கூட்டுப் பற்றறி செத்தால் பேணிக்குள். மாமியாருடைய இன்சுலின் ஊசிகள் ஒரு தடித்த பிளாஸ்ரிக் போத்தலுக்குள் போய், போத்தல் பேணிக்குள். திகதி கடந்த மருந்துகள் பேணிக்குள். மண்ணெண்ணெயையும் தின்னரையும் மட்டும் அதற்குள் சேர்க்கமாட்டாய். அவை அவை வந்த போத்தலிலேயே இருக்க வேண்டும். நெல்லிரசப் போத்தலுக்குள் தின்னரை ஊற்றி வைத்த உன்னவர் ஒரு கிழமை திட்டு வாங்கினார். மகன் அப்போது சின்னவன். ரோச் லைற் மங்கத் தொடங்கினால் "அம்மா, எமனுக்குச் சாப்பாடு வருது" என்று கத்துவான்.

பேணி நிறைந்தால் நீயும் நானும் உன் ஆஸ்பத்திரிக்கு ஊர்வலம். பஸ்ஸில் ஒருமுறை பக்கத்தில் இருந்த சின்னப்பிள்ளை உன் மடியிலிருந்த பேணியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தாய்க்காரி சிரித்துக்கொண்டே, "பிஸ்கட் எண்டு நினைக்கிறாள் மிஸ்," என்றாள். நீ குனிந்து பிள்ளையிடம், "இது எமன்ர பிஸ்கட் மகள், நீர் சாப்பிடக் கூடாது," என்றாய். பிள்ளை அழத் தொடங்கிவிட்டது. அடுத்த ஹோல்ற்றில் நாங்கள் இறங்கி நடந்தோம். எனக்கு வெட்கம், உனக்குச் சிரிப்பு.

நான் வெள்ளவத்தையில் என் பிளற்றுக்குக் கீழே, பியூஸ் போன ரியூப் லைற்றை மதிலோடு சாத்தி வைத்ததற்கு நீ கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து சண்டை பிடித்தாய். "லொறிக்குப் பின்னால நிக்கிறவன் அதை முழங்காலில முறிச்சுத்தான் உள்ளுக்கை தள்ளுவான். அந்தத் தூள் ஆரின்ர மூக்குக்குள்ள போகும்? சொல்லு." நீயே பேப்பரில் சுற்றி, நூலால் கட்டி, எடுத்துக்கொண்டு போனாய். உன்னோடு சிநேகிதமாய் இருப்பது சில நாட்களில் பெரிய கரைச்சல்.

இவ்வளவையும் ஏன் எழுதுகிறேன் என்றால், இவ்வளவும் தெரிந்தவள் நீ. அதனால்தான் எனக்கு ஆறவில்லை.

*

உன்னவர் காசிக்குப் போய்வந்த கதைக்கு வருகிறேன். வந்த அன்று என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தீர்கள். பெட்டியின் அடியிலிருந்து, வேட்டிக்குள் சுற்றிய பொட்டலத்தை எடுத்தார். சின்ன லிங்கம். கையில் வைத்தால் அந்த அளவுக்கு அவ்வளவு பாரம் இருக்கும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். "ரசலிங்கம்," என்றார். பாதரசத்தைக் கட்டிச் செய்தது, வீட்டில் இருந்தால் நோய் நொடி அண்டாது, அபிஷேகம் பண்ணின பாலைக் குடிக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னார். அவருடைய முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. உனக்கென்று ஒரு சாமான் தேடிக் கொண்டு வந்து தந்தது அதுதான் முதல் தடவை என்று நீயே பிறகு சொன்னாய்.

நான் குசினிக்குள் வந்து உன் காதுக்குள் கேட்டேன். "எடி, இது அண்டைக்கு நான் உடைச்ச தேமோமீற்றர் சாமான் எல்லே?"

நீ தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாய். நிமிரவில்லை.

"இது வெள்ளியோட சேர்த்து இறுக்கினது. ஓடாது."

அவ்வளவுதான். நீ சொன்னால் சரியாக இருக்கும் என்று நான் விட்டுவிட்டேன். இந்த விசயத்தில் உன்னை விடத் தெரிந்தவர்கள் எனக்கு யாரும் இல்லையே. முதலாம் நாள் பாலில் எனக்கும் ஒரு வாய் தந்தார், குடித்தேன். மகன் குடித்தான். நீ குடித்தாய். பிறகு ஒவ்வொரு திங்களும் அந்த வீட்டில் பால் வார்ப்பு நடந்தது. அதற்கு முன்னால் கற்பூரம் எரிந்தது. சூட்டில் அது இன்னும் மோசம் என்று உனக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்திருந்தால் எப்படியடி பொறுத்துக்கொண்டிருந்தாய்? ஊசிக்கும் பற்றறிக்கும் பஸ் ஏறுகிற நீ, சாமித்தட்டில் இருந்ததைத் தாண்டித் தாண்டிப் போனாயே.

உன்னவர் மாரடைப்பில் திடீரென்று போனார். அதற்குப் பிறகு நீ அந்த லிங்கத்தை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாய். இதைச் சொல்லிக் குற்றம் சாட்டுகிறேன் என்று நினைக்காதே. அவர் உனக்கென்று கொண்டு வந்தது. அதை எடுத்து எமன் பேணிக்குள் போட உனக்கு மனம் வந்திருந்தால் நான்தான் உன்னோடு சண்டை பிடித்திருப்பேன்.

*

உன் கை நடுங்கத் தொடங்கியது அதற்குப் பிறகு சில வருசத்தில். மகன் கனடாவுக்குப் போய்விட்டான். சோற்றுக் கரண்டியிலிருந்து பருக்கைகள் மேசையில் சிந்தும். நீ சேலைத் தலைப்பால் ஒற்றி எடுத்துவிட்டு வேறு கதை கதைப்பாய். டொக்டர் வயது என்றார். இன்னொரு டொக்டர் நரம்பு என்றார். நான் ஒன்றுக்குப் பத்து டொக்டரிடம் உன்னை இழுத்துக்கொண்டு போகத் தயாராக இருந்தேன். நீ வரவில்லை.

கடைசி வருசத்தில் ஒரு திங்கட்கிழமை நான் வந்தபோது சாமித்தட்டில் லிங்கம் ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் இருந்தது. ஜாம் போத்தல். மூடி இறுக்கிப் பூட்டியிருந்தது. அதற்கு முன்னால் கற்பூரம் இல்லை, பற்றறியில் எரிகிற ஒரு குட்டி விளக்கு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"என்னடி, சாமிக்குக் குளிருதோ?"

"ஓம், வயசு போயிட்டுது அவருக்கும்," என்றாய். நீயும் சிரித்தாய். பால் எங்கே என்றேன். "பால் கூடாதாம், டொக்டர் சொல்லிப்போட்டார்," என்றாய். ஆருக்குக் கூடாது, உனக்கா சாமிக்கா என்று கேட்டு நான் இன்னும் சிரித்தேன். நீ அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாய், அதை எனக்குச் சொல்லத் துணியவில்லை. இல்லையா?

ஆஸ்பத்திரியில், கடைசிக் கிழமையில், சொன்னாய். நர்ஸ் உன் காய்ச்சலைப் பார்க்க வந்தாள். நெற்றிக்கு நேரே ஒன்றை நீட்டினாள், இலக்கம் விழுந்தது. நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். "இப்ப உதுக்குள்ள பாதரசம் இல்லை," என்றாய் என்னிடம். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாய். பிடி நடுங்கியது, ஆனால் இறுக்கமாக இருந்தது.

"எடி, நான் போனாப் பிறகு மகன் வருவான். இவர்ர சாமியைக் கடல்ல விடத்தான் எல்லாரும் சொல்லுவினம். விட விடாதை."

"ஏனடி?"

"அது என்னெண்டு எனக்குத் தெரியும். அண்டைக்கே தெரியும்."

கண்ணை மூடிக்கொண்டாய். எனக்குக் கேட்க நூறு கேள்வி இருந்தது. நித்திரையா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். நீ நித்திரைபோல் கிடந்தாய். உன்னை எனக்குத் தெரியாதா? அது நித்திரை இல்லை.

*

நீ போன முப்பத்தோராம் நாள் கிரியைக்கு உன் மகன் வந்தான். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது அவனுக்கும். அந்தியேட்டிக்கு முகத்துவாரத்துக்குப் போனோம். ஆண்கள் மட்டும் போனால் போதும் என்று யாரோ சொன்னார்கள். நான் காதில் விழாததுபோல் வாகனத்தின் முன் சீற்றில் ஏறி இருந்துவிட்டேன்.

ஆறு கடலில் விழுகிற இடத்தில் தண்ணீர் அன்றைக்குக் கலங்கி மண்ணிறமாக ஓடியது. கொஞ்சம் தள்ளி இரண்டு பேர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கிரியைகள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. உன் மகன் எல்லாவற்றையும் பொறுமையாகச் செய்தான். பிறகு தோள்பைக்குள் கையை விட்டு, மஞ்சள் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தான். ஜாம் போத்தலிலிருந்து வெளியே எடுத்து, குளிப்பாட்டி, பொட்டு வைத்துச் சுற்றியிருந்தான். எனக்கு விளங்கிவிட்டது.

"தம்பி, அது வேண்டாம்."

"அன்ரி, ஐயர் சொன்னவர். அப்பான்ர சாமி. இனி ஆர் இருக்கினம் பூசை செய்ய?"

ஐயர் நல்ல மனிதர். அன்று அவருக்கு இது மூன்றாவது வீட்டுக் கிரியை. "பிள்ளை, வீட்டில வைச்சுப் பூசை செய்யேலாத சாமியை நீரில விடுறதுதான் முறை. குப்பையில போடேலுமோ? கெதியா விடுங்கோ, நேரம் போகுது."

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. கிழிந்த சாமிப் படமும், உடைந்த விக்கிரகமும், வாடின மாலையும் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் விட்டிருக்கிறோம். வெள்ளவத்தையில் ரெயில் தண்டவாளத்தைக் கடந்து நானே எத்தனை தரம் போயிருக்கிறேன். குப்பையில் போட மனம் வராத எல்லாவற்றையும் வாங்குகிற இடம் எங்களுக்குக் கடல். நீ மட்டும்தான் அதற்கு அப்பால் யார் கை என்று கேட்டவள்.

உன் மகன் முழங்கால் தண்ணீரில் இறங்கினான். நான் ஐயரைப் பார்த்தேன், வலை இழுக்கிறவர்களைப் பார்த்தேன். பிறகு என்ன செய்தேன் என்று எனக்கே சரியாக ஞாபகம் இல்லை. சேலையோடு தண்ணீருக்குள் இறங்கி, அவன் கையிலிருந்து அதைப் பறித்தேன். பறித்தேன் என்பதுதான் சரியான சொல். அவன் தடுமாறி விழப் பார்த்தான். கரையில் நின்ற உறவினர்கள் "என்ன இது, என்ன இது" என்றார்கள். உனக்கும் எனக்கும் இடையில் ஏதோ பழைய கோபம் என்று நினைத்திருப்பார்கள்.

"ஐயா, சாமிதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை," என்றேன். மூச்சு வாங்கியது. "ஆனா இது பாதரசம். இந்தத் தண்ணியில விட்டா உவை பிடிக்கிற மீனுக்குள்ள வரும். மீன் எங்கட வீட்டுக்குத்தான் வரும். இவன்ர தாய்தான் விட வேண்டாம் எண்டவ."

ஐயர் என் பக்கம் திரும்பினார். "அப்ப என்ன செய்யப் போறியள்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்டார்.

*

அன்று பின்னேரம் உன் வீட்டில், சாமான்களெல்லாம் பெட்டியில் ஏறிக்கிடந்த கூடத்தில், உன் மகன் என் முன்னால் வந்து தரையில் இருந்தான். நான் லிங்கத்தைத் திரும்பவும் ஜாம் போத்தலுக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தேன். கையுறை போட்டிருந்தேன். கையுறையைப் பார்த்ததும்தான் அவனுக்கு எல்லாம் விளங்கியது என்று நினைக்கிறேன்.

"அன்ரி, நாங்கள் குடிச்ச பால்..."

"ஓம் தம்பி."

"அம்மாவின்ர கை அதாலயோ நடுங்கினது?"

"தெரியாது."

"அம்மாக்குத் தெரியுமோ?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நினைவு வந்தது. உன்னைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் அவன் எமனுக்குச் சாப்பாடு போட்டு வளர்ந்த பிள்ளை. தெரியும் என்றேன். அப்பா ஆசையாய்க் கொண்டு வந்தது என்பதால் வாய் திறக்கவில்லை என்றேன். கடைசியில் தானே போத்தலில் போட்டாள் என்றேன்.

அவன் அழுவான் என்று பயந்தேன். அழவில்லை. தன் இரண்டு கையையும் விரித்து நீட்டி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நடுங்கவில்லை. நானும் என் கையை நீட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் அப்படி இருந்ததை யாராவது கண்டிருந்தால் சிரித்திருப்பார்கள். பிறகு அவன், "நீங்கள் கொண்டு போங்கோ அன்ரி. கடல்ல விட வேண்டாம்," என்றான். போத்தலை எமன் பேணிக்குள் வைத்து அவனே மூடித் தந்தான். அந்த நேரம்தான் அவன் அழுதான்.

*

அதற்குப் பிறகு நான் ஓடாத இடம் இல்லை. நீ வேலை செய்த பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். உன்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பாதரசச் சாடியா, அதெல்லாம் எப்போதோ போய்விட்டது என்றாள் ஒரு பெண். இப்போது எல்லாம் டிஜிற்றலாம். வெளியாட்களின் சாமான் எடுக்கச் சட்டம் இல்லையாம். போத்தலைக் காட்டினேன். "இது சாமி எல்லே அன்ரி, கோயில்ல குடுங்கோ," என்றாள். கோயிலில் கேட்டேன். நஞ்சு என்கிறீர்கள், இங்கே எப்படி வைப்பது என்றார்கள். நஞ்சு எடுக்கிறவர்கள் சாமி என்கிறார்கள், சாமி எடுக்கிறவர்கள் நஞ்சு என்கிறார்கள். இன்று காலை அந்த இளைஞனும் கும்பிட்டுவிட்டுப் போனான்.

ஆஸ்பத்திரிகளில் மிஞ்சியிருக்கிற பழைய பாதரச மீற்றர்களைச் சேர்த்து, பத்திரமாக வைக்கிற ஒரு இடத்துக்கு அனுப்பப் போகிறார்களாம். அந்த வேலையில் இருக்கிற ஒரு பெண்ணின் தொடர்பு எப்படியோ கிடைத்தது. தமிழ்ப் பிள்ளை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள், சிரிக்கவில்லை. "வீட்டில இருந்து எடுக்கிறதுக்கு இன்னும் ஒழுங்கு இல்லை அன்ரி. கேட்டுப் பார்க்கிறன். அதுமட்டும் மூடி வைச்சிருங்கோ, சூடு படவிடாதேங்கோ," என்றாள். திகதி சொல்லவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுக்கிறேன். முக்கால்வாசி நேரம் யாரோ காணி விற்கிறார்கள்.

பொறுமை இல்லாத எனக்கு நீ வைத்த வேலையைப் பார்த்தாயா? கடைக்குப் போனாலும் வீட்டில் அது தனியே இருக்கிறது என்ற நினைப்பு. எனக்கு ஏதாவது நடந்தால் கதவை உடைத்து வருகிறவர்கள் அதைக் கண்டு என்ன செய்வார்கள் என்ற நினைப்பு. அடுத்த வீட்டு ரீச்சருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவ தலையாட்டினா. விளங்கியதா தெரியவில்லை. காலையில் தேத்தண்ணீர்க் கோப்பையைத் தூக்கும்போது என் விரல்களைப் பார்க்கிறேன். ஒரு வாய்ப் பால்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உன்மேல் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தோடுதான் உன்னைத் தேடுகிறேன். திங்கட்கிழமைகளில் கொட்டாஞ்சேனை பஸ்ஸைக் கண்டால் கால் தானாக அந்தப் பக்கம் போகிறது.

உன் மகன் ஞாயிறுகளில் போன் எடுப்பான். சுகம் விசாரித்து முடிந்த பிறகு, கொஞ்சம் தயங்கி, "அன்ரி, அது இருக்கோ?" என்பான். "இருக்கு தம்பி" என்பேன். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் மூச்சு சீராக வரும். உன்னைப் பற்றி நாங்கள் கதைப்பது அவ்வளவுதான்.

இதை எழுதுவதை நடுவில் நிறுத்திவிட்டுப் போத்தலைத் திரும்பவும் துடைத்தேன். மூடியைச் சுற்றி ரேப் ஒட்டினேன். இன்னொரு பெரிய பிளாஸ்ரிக் போத்தலுக்குள் வைத்து அதையும் மூடினேன். ஒரு துண்டுக் கடதாசியில் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டினேன்: பாதரசம், திறக்காதே, தண்ணீரில் போடாதே. சாமி என்று எழுதவில்லை. எழுதினால் யாராவது எடுத்துக் குளிப்பாட்டிவிடுவார்கள். பேணிக்குள் வைத்து, வெயிலும் அடுப்பும் படாத அலுமாரியின் மேல் ஏற்றினேன். பேணியை மூடும்போது, பழக்க தோசத்தில், நானும் ஒருமுறை கும்பிட்டேன்.

ஆரின்ர கைக்குப் போகுது என்று கேட்பாய். இன்னும் தெரியாது. தெரியும்வரை வெளியே விடமாட்டேன். ஒரு சாமானை ஒரு நாள் வைத்திருக்கத் தெரியாதவள் என்று என்னைப் பகிடி பண்ணுவாயே, வந்து பாரடி.